சர்க்கரையும் சஸ்திரமும்

அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையை விரித்துரைக்கும் சுசுருத சம்ஹிதை, சூத்திர ஸ்தானம் என்னும் அதே பகுதியில் சில அத்தியாயங்கள் தள்ளி, யார் யாருடைய ரணங்கள் மிகுந்த பிரயாசையின் பேரிலேயே ஆறும் என்று வகைப்படுத்துமிடத்தில், குஷ்டரோகி, விஷத்தால் பீடிக்கப்பட்டவன், உடல் வற்றி மெலிந்தவன் ஆகியோருடன் மதுமேகம் என்னும் நீரிழிவு கண்டவனையும் சேர்த்தே வைத்திருக்கிறது. தோலை அறுத்துத் திருப்பி ஒட்டும் வித்தையையும், அந்த ஒட்டுதல் எந்தத் தேகத்தில் எளிதில் பலிக்காது என்ற எச்சரிக்கையையும் ஒரே நூல் தனக்குள் கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் விஷயம். ரத்தத்திலுள்ள சர்க்கரையை அளக்க எவ்விதச் சாதனமும் இல்லாத காலத்தில், ஆறாத புண்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்தே அவ்வைத்தியர்கள் இந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

அவர்கள் வளர்த்த வித்தை நெடுங்காலம் பரம்பரைத் தொழிலாகவே இந்நாட்டில் நிலைத்திருந்தது. திப்பு சுல்தானுடன் நடந்த யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டியாக இருந்து, சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்பவருக்குப் புனேப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைக் கீழிறக்கி மூக்கு அமைத்த செய்தி, 1794-இல் லண்டனிலிருந்து வந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸீன்’ இதழில் வெளியாயிற்று. அம்முறையைப் பல வருஷங்கள் ஆராய்ந்த ஜோசப் கார்பியூ, 1814-இல் அந்நகரத்திலேயே அதைச் செய்து காட்டினார். ஐரோப்பாவின் பிளாஸ்டிக் சர்ஜரி புத்துயிர் பெற்ற வரலாற்றில் இது ஒரு முக்கியமான கட்டம். இன்று அழகு சிகிச்சையை நாடி வருகிறவர் மூக்கறுபட்டவர் அல்லர். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தளர்ந்து தொங்கும் வயிற்றைச் சீராக்க விரும்பும் தாயும், சிறு வயது முதல் தன் மூக்கின் வளைவைக் கண்டு கூசிய இளைஞனும், கண்ணிமை சரிந்து களைத்த தோற்றம் கொண்ட முதியவரும் அவர்களில் இருக்கிறார்கள். அவ்விருப்பத்தை நான் சிறிதும் இழிவாக எண்ணவில்லை. தன் முகத்தோடு சமாதானமாக வாழ விழைவது மனித இயல்பே.

ஆனால் இச்சிகிச்சைக்கும் பிற சஸ்திர சிகிச்சைகளுக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிய வயிற்றைத் திறக்க வேண்டிய சர்ஜன், நோயாளியின் சர்க்கரை 300 ஆக இருந்தாலும் நாள் கடத்த இயலாது. ஒருபுறம் இன்சுலினைச் செலுத்திக்கொண்டே மறுபுறம் கத்தியை எடுத்தாக வேண்டும். புற்றுநோய் கண்டவருக்கும் அவகாசம் சொற்பமே. அழகு சிகிச்சையோ நோயின் நிர்ப்பந்தத்தால் நிகழ்வதன்று. இன்று செய்தாலும் நான்கு மாதம் கழித்துச் செய்தாலும் உயிருக்கு யாதொரு வித்தியாசமும் இல்லை. ஆகவே, ரணம் ஆறுவதற்குத் தகுந்த ஸ்திதியில் தேகம் இருக்கிறதா என்று நிதானமாக விசாரித்து, இல்லாவிடில் அந்த ஸ்திதியை உண்டாக்கிக்கொள்ளும் வரையில் பொறுத்திருப்பது இங்கே முழுமையாகச் சாத்தியம். சாத்தியமாயிருந்தும் பொறுக்காமல் விரைவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் பல மாநிலங்களிலும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13 கோடிக்கு மேற்பட்டோருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் தமக்கு வியாதி இருப்பதையே அறியாதவர்கள் பலர். சஸ்திர சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் அதை முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. அழகுக்காக வந்த இடத்தில் இப்படியொரு செய்தி கிடைத்தால் மனம் சோர்வது இயற்கை. எனினும் கண்ணும் சிறுநீரகமும் கெடுவதற்கு முன்பாகவே அது தெரியவந்தது, வந்த காரியத்தைவிடப் பெரிய லாபம்.

இனி, தோலில் கத்தி பட்ட கணத்திலிருந்து தேகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதலில் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றுகூடிக் கசிவை அடைக்கின்றன. சில மணி நேரத்துக்குள் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் சிறு ரத்தக்குழாய்களின் சுவரைப் பற்றி, அதை ஊடுருவி வெளியே வந்து, காயத்தில் நுழைந்த கிருமிகளை விழுங்கிக் கொல்கின்றன. இரண்டு மூன்று நாட்களில் மாக்ரோபேஜ் என்னும் பெரிய அணுக்கள் வந்து சேர்ந்து, சிதைந்த திசுக்களையும் கடமை முடித்து மடிந்த வெள்ளணுக்களையும் அப்புறப்படுத்துவதோடு, அழற்சியைத் தணித்துக் கட்டுமானத்தைத் தொடங்குமாறு மற்ற அணுக்களுக்குச் சமிக்ஞையும் தருகின்றன. அதன்பின் நார்த்திசு அணுக்கள் கொலாஜன் இழைகளை நெய்யத் தொடங்க, புதிய சூக்ஷ்ம ரத்தக்குழாய்கள் முளைத்து அவற்றுக்குப் பிராணவாயுவைக் கொண்டு வருகின்றன. வெளிப்பார்வைக்குக் காயம் மூடிய பின்னரும், ஒழுங்கின்றிப் போடப்பட்ட அந்த இழைகளை அழித்து, ஒழுங்குபடுத்தி, மறுபடி நெய்யும் வேலை ஒரு வருஷம் வரையில்கூட ஓயாமல் நடக்கிறது.

இத்தனை படிகளிலும் மிகுதியான சர்க்கரை குறுக்கிடுகிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 200 மில்லிகிராமைக் கடந்து நிற்கும்போது நியூட்ரோபில் அணுக்கள் கிருமி இருக்கும் திசை நோக்கி நகர்வதிலும், அதை விழுங்குவதிலும், விழுங்கியதைக் கொல்வதிலும் மந்தமடைகின்றன. எண்ணிக்கையில் குறைவில்லாத சேனை வீரியத்தில் குன்றிவிடுகிறது. மாக்ரோபேஜ் அணுக்களோ அழற்சி நிலையிலிருந்து கட்டுமான நிலைக்கு மாறுவதில் தாமதிக்க, இரண்டாம் வாரத்தில் தணிந்திருக்க வேண்டிய சிவப்பும் நீர்க்கசிவும் மூன்றாம் வாரத்திலும் நீடிக்கின்றன. கொலாஜன் உற்பத்தி குறைவதோடு, உற்பத்தியான இழைகளிலும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றைத் தாறுமாறாகப் பிணைத்து விறைப்பாக்குகிறது. பல ஆண்டுகள் நீரிழிவு கண்டவரின் சூக்ஷ்ம ரத்தக்குழாய்களின் அடிச்சவ்வு தடித்துப் போயிருப்பதால், பிராணவாயு திசுவை எட்டுவதும் சிரமமாகிறது. ஆக, கிருமி தங்குவது, தையல் விடுவது, தழும்பு அகன்று தடிப்பது ஆகிய மூன்று உபத்திரவங்களும் ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்களே. தோற்றத்தைச் சீராக்குவதற்காகவே செய்யப்படும் சிகிச்சையில் மூன்றாவது உபத்திரவம் எவ்வளவு துயரமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் அழகு சிகிச்சைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. சாதாரணக் கீறலில் இரு ஓரத்துத் தோலும் தத்தம் அடியிலுள்ள ரத்தக்குழாய்களோடு இணைந்தே இருக்கும். வயிற்றுத் தோலைக் குறைக்கும் சிகிச்சையிலோ, அடிவயிற்றிலிருந்து விலா எலும்பின் விளிம்பு வரையில் தோலையும் கொழுப்பையும் அடியிலுள்ள தசையுறையிலிருந்து பிரித்து உயர்த்தி, கீழே இழுத்து, மிகுதியை வெட்டிவிட்டுத் தைக்கிறார்கள். அப்போது, கீழிருந்து வந்த குழாய்கள் பலவும் துண்டிக்கப்பட்ட நிலையில், அந்தத் தோல் மடலின் கீழ் விளிம்பில், முக்கியமாக அதன் நடுப்பகுதியில், மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வரும் ரத்தம் மட்டுமே ஆதாரமாகிறது. இழுத்துத் தைப்பதால் விசையும் அங்கேயே அதிகம். முகச் சுருக்கத்தை நீக்கும் சிகிச்சையில் காதின் பின்புறத் தோலும், மார்பகத்தைச் சிறிதாக்கும் சிகிச்சையில் காம்புப் பகுதியும் இதே நிலையில் நிற்கின்றன. ஆரோக்கியமான குழாய்கள் இந்தச் சோதனையைத் தாங்கிக்கொள்ளும். சர்க்கரையால் தடித்த குழாய்கள் தாங்காமல், விளிம்புத் தோல் கறுத்து மடிந்துபோவதுண்டு. நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், நீரிழிவோடு புகைப்பழக்கமும் உடைய ஒருவருக்கு இவ்வாபத்து மேலும் பெருகுகிறது. குறைந்தது நான்கு வாரங்கள் புகையை அறவே விட்டுவிட்டு வரும்படி சர்ஜன்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சிகிச்சைக்கு வரும் நாளில் விரலைக் குத்திப் பார்க்கும் அளவு அந்த ஒரு நிமிஷத்தின் செய்தியை மட்டுமே சொல்லும். முந்திய நாள் பட்டினி கிடந்தவருக்கு அது சாதுவாகத் தோன்றும். பயத்தால் இரவு முழுவதும் உறங்காதவருக்கு உயர்ந்து நிற்கும். கடந்துபோன மாதங்களின் உண்மையை அறிய வேறொரு சாட்சி தேவைப்பட்டது. சர்க்கரையும் புரதத்தின் அமிலக்கூறுகளும் கூடும் வினையை பிரெஞ்சு ரசாயனி லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்தார். தோசைக்கல்லில் மாவு பொன்னிறமாவதும் அந்த வினையால்தான். அதே வினையின் முதற்படி, நெருப்பின் உதவியில்லாமல், தேகத்தின் சூட்டிலேயே மெல்ல மெல்ல ரத்தத்தில் நடக்கிறது. தெஹ்ரானில் பணியாற்றிய சாமுவேல் ரஹ்பார், நீரிழிவு நோயாளிகளின் ஹீமோகுளோபினில் ஓர் அசாதாரணமான கூறு மிகுந்திருப்பதை 1968-இல் கவனித்தார். அது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அது தன் ஆயுள் முழுவதும் எவ்வளவு சர்க்கரையில் மிதந்தது என்பதை அந்த ஒட்டுதலின் சதவிகிதம் காட்டிக்கொடுக்கிறது. நியூயார்க்கில் அந்தோணி செராமியும் அவருடன் பணிபுரிந்தோரும் 1976-இல் இதையே சிகிச்சையின் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று காட்டினார்கள். இன்று ஆய்வுக்கூடச் சீட்டில் எச்.பி.ஏ.1.சி என்று அச்சாகி வருவதும், ‘மூணு மாசச் சர்க்கரை’ என்று ஜனங்கள் வாய்மொழியாகச் சொல்வதும் இதுவே.

இந்தச் சதவிகிதம் 6 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு என்று நிர்ணயிக்கிறார்கள். அவசரமில்லாத சஸ்திர சிகிச்சைக்கு இயன்றவரை 8-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் யோசனை. பிரிட்டனின் வழிகாட்டிகள் 8.5 வரையில் இடம் கொடுக்கின்றன. இவ்வெல்லைகள் இடுப்பு மூட்டு தேய்ந்து வலியால் துடிப்பவரையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதை மறக்கலாகாது. அவருக்குத் தாமதமும் ஒரு வேதனை. வயிற்றுச் சதையைக் குறைக்க வந்தவருக்கு அப்படியில்லை. எனவே அழகு சிகிச்சையில் 7-க்கு அருகே வரும்வரை காத்திருக்கச் சொல்லும் சர்ஜனைக் கண்டிப்பானவர் என்று குறை கூறாமல், அவரையே நாடிப் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சதவிகிதத்தில் ஏறக்குறையப் பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்காக இருப்பினும், பத்து நாள் பத்தியம் இருந்து அதை ஏமாற்றிவிட முடியாது. மாறுதல் முழுவதும் வெளிப்பட மூன்று மாதம் ஆகும்.

ஆயினும் இச்சாட்சியும் சில சமயம் பிறழும். இரும்புச்சத்துக் குறைவால் சோகை பிடித்தவருக்குச் சிவப்பணுக்கள் அதிக நாள் சுற்றிக்கொண்டிருப்பதால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியக்கூடும். சிவப்பணுக்கள் அகால மரணமடையும் வியாதிகளிலும், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவரிடத்தும் அது தாழ்ந்து காட்டும். நம் பெண்களில் சோகை எவ்வளவு சாதாரணம் என்பது வெளிப்படை. ஆகவே ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் எச்.பி.ஏ.1.சி-யை மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பு. சோகையே ரணம் ஆறுவதற்கு ஓர் இடையூறு என்பதால் அதையும் முதலில் தீர்த்துக்கொள்வதே முறை.

சர்க்கரை எவ்வளவு குறைந்தாலும் நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். வைத்திய உலகமே ஒரு காலத்தில் அப்படி நினைத்தது. பெல்ஜியத்தின் லூவென் நகரத்தில் சஸ்திர சிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோரின் சர்க்கரையை இன்சுலினால் சாதாரண அளவுக்கே இறக்கி வைத்ததில் மரணங்கள் குறைந்ததாக 2001-இல் வெளியான ஆய்வு உலகெங்கும் உற்சாகத்தை எழுப்பிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து, 6,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘நைஸ்-சுகர்’ ஆய்வு, 81-க்கும் 108-க்கும் இடையே இறுக்கிப் பிடித்தவர்களைவிட 180-க்குள் இருந்தாற் போதும் என்று விட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று காட்டி அந்த உற்சாகத்தை அடக்கியது. காரணங்களில் ஒன்று, சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடுதல். விழித்திருப்பவருக்கு அது வியர்வையாகவும் நடுக்கமாகவும் முன்னறிவிப்புத் தரும். மயக்க மருந்தில் ஆழ்ந்தவருக்கு அந்த அடையாளம் எதுவும் வெளியே தெரியாது. அதனால்தான் இப்போது சிகிச்சை மேஜையில் 100-க்கும் 180-க்கும் இடையே வைத்திருப்பதை உசிதம் என்கிறார்கள். சில வாரங்களிலேயே எச்.பி.ஏ.1.சி-யை 11-லிருந்து 7-க்கு இழுத்துவிட முயல்வதும் விவேகமன்று. விழித்திரையில் முன்பே பாதிப்பு உள்ளவருக்கு அத்தகைய வேகமான இறக்கம் பார்வையைத் தற்காலிகமாக மேலும் கெடுப்பதுண்டு.

இன்னொரு விஷயம், தேகம் தானே சர்க்கரையை உயர்த்திக்கொள்வது. கத்தியின் காயத்தை ஆபத்தென்று உணர்ந்து அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்க, கல்லீரல் தன் சேமிப்பை ரத்தத்தில் கொட்டுகிறது. இன்சுலினின் ஆற்றலும் அப்போது குன்றுகிறது. நீரிழிவே இல்லாதவருக்கும் அன்று 160, 170 என்று ஏறலாம். வாந்தி வராமலிருக்க மயக்க வைத்தியர் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் ஒரு நாள் வரையில் அளவை உயர்த்தி வைக்கும். அதைக் கண்டு வீட்டார் கலங்க வேண்டியதில்லை.

மாத்திரைகளைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தைகள் அவசியம். ஏனெனில் இங்கே மறைப்பது உயிருக்கே கேடாகலாம். பட்டினி இருக்கும் காலையில் மெட்ஃபார்மினையும் கிளிமிப்பிரைடு போன்றவற்றையும் நிறுத்துவது வழக்கம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகளையோ மூன்று நாள் முன்னரே நிறுத்த வேண்டும். சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இம்மருந்துகளை உட்கொண்டவர் பட்டினியும் இருக்கும்போது, சர்க்கரை ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் விபரீதம் நேரலாம்; விரல் நுனிச் சோதனையில் 150 என்று கண்டு நிம்மதியடைந்திருக்கும் வேளையில் நோயாளி மூச்சு வாங்கி வாந்தியெடுப்பார். செமாகுளுடைடு போன்ற வாராந்திர ஊசிகள் இரைப்பையைத் தாமதமாகக் காலி செய்வதால், பட்டினி இருந்தும் உணவு உள்ளேயே தங்கி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் புகும் அபாயம் பேசப்படுகிறது. ஒரு வாரம் முன்னரே நிறுத்துமாறு அமெரிக்க மயக்கவியலார் 2023-இல் யோசனை கூறினார்கள். அடுத்த ஆண்டில் பல சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தி, ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து முடிவு செய்யலாம் என்றன. உடல் இளைப்பதற்காக இவ்வூசியைப் போட்டுக்கொண்டு, இளைத்தபின் தொங்கும் தோலை நீக்க வருகிறவர்கள் பெருகிவரும் இக்காலத்தில், ‘எனக்குச் சர்க்கரை இல்லையே’ என்று எண்ணி அதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. நீரிழிவுக்காகப் போட்டாலும் இளைப்பதற்காகப் போட்டாலும் இரைப்பையின் தாமதம் ஒன்றுதான்.

கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் நீரிழிவும் விலகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் சாமுவேல் கிளைனும் அவர் சகாக்களும் பருமனான 15 பெண்களுக்கு 9, 10 கிலோ வரை தோலடிக் கொழுப்பை நீக்கிய பின், சில வாரங்கள் கழித்து இன்சுலினுக்கு அவர்களுடைய தேகம் இணங்கும் தன்மையை அளந்தார்கள். யாதொரு அபிவிருத்தியும் காணவில்லை. 2004-இல் வெளியான அவ்வாய்வின் முடிவுக்குச் சொல்லப்படும் காரணம் இது: வியாதியை வளர்க்கும் கொழுப்பு பெரும்பாலும் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் தசையிலும் இருக்கிறது, உறிஞ்சுகுழல் எட்டுவதோ தோலடிக் கொழுப்பை மட்டும். உணவைக் குறைத்து நடந்து இளைப்பவருக்குக் கிடைக்கும் பலன் இவ்வழியில் கிடைப்பதில்லை. இதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லாதவர் அவருடைய பணத்தை மட்டுமல்ல, நம்பிக்கையையும் வீணாக்குகிறார்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் அளவைப் பார்ப்பதில் பலர் அலட்சியம் கொள்கிறார்கள். நியூட்ரோபில் அணுக்களின் போராட்டமும் இழைகளின் நெசவும் நடப்பது அப்போதுதான் என்பதால், முதல் இரண்டு வாரங்களில் காலையிலும் உணவுக்குப் பின்பும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைப்பது, சிகிச்சைக்கு முன் பார்த்ததைவிட முக்கியம். முகத்துத் தையலை ஏழு நாளுக்குள்ளும் வயிற்றுத் தையலைப் பத்து முதல் பதினான்கு நாளிலும் சாதாரணமாக எடுப்பார்கள். சர்க்கரை அடங்காதவருக்கு அதைச் சில நாள் தள்ளிப்போடுவதும் உண்டு. சர்க்கரைக்கு அஞ்சிச் சோற்றோடு பருப்பையும் முட்டையையும் மீனையும் சேர்த்தே குறைத்துவிடுகிறவர்கள், கொலாஜனுக்கு வேண்டிய புரதத்தையே மறுத்துவிடுகிறார்கள். குறைக்க வேண்டியது சோறும் இனிப்பும் மட்டுமே. நிறுத்திய மாத்திரையை எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதையும், எந்த அளவைத் தாண்டினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தையலைக் காட்டப் போகும்போது அந்த அளவுக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டுபோனால், ரணம் தாமதிப்பதன் காரணம் கிருமியா சர்க்கரையா என்று வைத்தியர் பிரித்தறிவது மிகவும் எளிதாகும்.